பளிங்கில் பட்ட தேசிப்புளி

என் தோட்டில் இருந்த கல் வைரம் இல்லை என்பதை ஒரு வகுப்பறைக்கே தெரியப்படுத்தியவர் அக்கா. அதற்காக நான் அவரோடு இரண்டு கிழமை கதைக்கவில்லை. அதற்கு முன்னும் பெரிதாகக் கதைத்ததில்லை. அதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் தோட்டுக் கதையை முடித்துவிடுகிறேன்.

இத்தாலியில், பலெர்மோ என்ற தீவு நகரத்தில் வயது வந்தவர்கள் படிக்கும் பள்ளிக்கூடம் அது. சின்னப் பிள்ளைகள் படித்துவிட்டுப் போன வகுப்பறையில், அவர்களுடைய குட்டி மேசைகளுக்குள் முழங்காலை மடித்து நுழைத்துக்கொண்டு பின்னேரம் நாலு மணிக்கு இருப்போம். சமையலறையில் நின்றவர்கள், படி துடைத்தவர்கள், வயோதிபரைக் குளிப்பாட்டியவர்கள் என்று எல்லாரும் வேலையால் நேராக வருவோம். வுச்சீரியாச் சந்தையில் மீன் விற்கிற பலெர்மோக்காரர் ஒருவரும் வந்தார். பத்து வயதில் விட்ட படிப்பை ஐம்பது வயதில் பிடிக்க வந்திருந்தார் மனிதர். அவருக்குப் பக்கத்து இடம் எப்போதும் காலியாகவே இருக்கும்.

என்னை அங்கே தள்ளியது அறிவுப் பசி இல்லை. பாடசாலைகளில் துப்புரவும் காவலும் பார்க்கிற வேலைக்கு விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பாடங்களில் ஒன்று பூமி அறிவியல். கல், மண், எரிமலை, நிலநடுக்கம். எனக்கும் கல்லுக்கும் அதுவரை இருந்த ஒரே உறவு அதைக் கூட்டித் துடைப்பதுதான்.

வகுப்பு தொடங்கி இரண்டாம் கிழமை அக்கா வந்தார். வன்னிக்காரர், முல்லைத்தீவுப் பக்கம். என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. கட்டை உருவம், இறுக்கிப் பின்னிய சடை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அறையில் எத்தனையோ கதிரை காலியாகக் கிடக்க, நேராக வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் என் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். இடம் விடுவதற்காக இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

அன்றைக்குப் பாடம் கற்களின் கடினம். எது எதைக் கீறுகிறதோ அது மற்றதைவிடக் கடினம் என்று ஆசிரியர் சொன்னார். சில கல்லை நகமே கீறும், சிலதைக் கீறச் செப்புக் காசு வேண்டும், சிலது கண்ணாடியையே கீறிவிடும். வைரம் எல்லாவற்றையும் கீறும் என்றதும் என் கை தானாகக் காதுக்குப் போனது. கலியாணமாகிப் பத்தாம் வருடம் என் கணவர் வாங்கித் தந்த தோடு அது. கோயிலுக்கு நான் அதைப் போட்டுக்கொண்டு போனால் கொண்டையைக் கொஞ்சம் உயர்த்தித்தான் கட்டுவேன்.

அக்கா கையை நீட்டினார். "ஒருக்காத் தாருங்கோவன், பாப்பம்" என்றார்.

கொடுக்காமல் விட்டிருக்கலாம். வீம்பு யாரை விட்டது. கழற்றிக் கொடுத்தேன். அவர் ஆசிரியரின் கண்ணாடித் துண்டில் கல்லை அழுத்தி ஒரு இழுவை இழுத்தார். பிறகு இன்னொன்று. கண்ணாடியை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார், முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். கண்ணாடியில் ஒரு கீறலும் விழவில்லை. வகுப்பு முழுவதும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மீன்காரர் எழும்பியே வந்துவிட்டார்.

"வைரம் இல்லைத் தங்கச்சி" என்றார் அக்கா. "கண்ணாடி எண்டும் சொல்ல மாட்டன். அது எனக்குத் தெரியாது. வைரம் இல்லை எண்டது மட்டும் தெரியுது."

அதையே தன் உடைந்த இத்தாலியத்தில் ஆசிரியருக்கும் சொன்னார். இதைவிடத் திருத்தமாக ஒரு விஞ்ஞானி சொல்ல முடியாது என்று ஆசிரியர் பாராட்டினார். எனக்கு முகம் எரிந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரைக் கேட்டேன். அவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

நான் அக்காவைப் பற்றிச் சொல்ல வந்தது இந்தக் குணத்தைத்தான். எங்கள் சனத்துக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது. கோயில் மண்டபத்தில் நின்றுகொண்டு பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, புதுப்பிக்க எந்தக் கடதாசி வேண்டும் என்று கேட்டால் பத்துப் பேர் பதினொரு பதில் தருவார்கள். விடுமுறை என்று கதவு பூட்டியிருக்கிற நாளில் குவெஸ்தூராவுக்கு, அந்தப் பொலிஸ் கந்தோருக்கு, நம்பிப் போய்த் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர். அக்கா மட்டும் "தெரியாது" என்பார். வெட்கப்பட்டோ மழுப்பியோ சொல்ல மாட்டார். உப்புக் காணுமா என்று கேட்டால் காணும் என்று சொல்கிற மாதிரிச் சொல்லுவார். வற்புறுத்திக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "பாக்காமல் எப்பிடிச் சொல்லுறது?"

பலெர்மோவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஆசிரியர் ஒருநாள் கேட்டார். எரிமலைக் குழம்பு என்று மீன்காரர் அடித்துச் சொன்னார். எட்னா மலை தீவின் மறுகரையில் இருப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. நான் கருங்கல் என்றேன், சும்மா வாய்க்கு வந்தது. அக்கா தெரியாது என்றார். சொல்லிவிட்டு, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் ஆசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த கிழமை எங்கள் எல்லாரையும் நகரத்தின் பழைய பகுதியான கால்சாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்தத் தெருக்களை நான் நித்தம் நடந்து தேய்த்திருக்கிறேன். வெள்ளையடிக்காத பழைய சுவர்கள் மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஒரு சுவரைக் காட்டி, நகரம் நிற்பதும் இதன் மேல்தான், கட்டப்பட்டதும் இதனால்தான் என்றார் ஆசிரியர். அக்கா கிட்டப் போய் மூக்கு முட்டப் பார்த்தார். பிறகு சடையிலிருந்து ஊசியை உருவிச் சுவரைக் கிண்டத் தொடங்கிவிட்டார். மேலே பல்கனியில் உடுப்புக் காயப்போட்ட மனிசன் தன் வீடு இடிகிறது என்று சத்தம் போட்டான். அக்கா நிமிரவில்லை. மூன்று நிமிடத்தில் உள்ளங்கையில் ஒரு சிப்பியை வைத்துக் காட்டினார், சின்னி விரல் நகமளவு, வரி வரியாக, முழுசாக. அந்தச் சுவர் முழுக்கச் சிப்பி. கடலடியில் படிந்து இறுகிய மண்ணைத்தான் வெட்டி வீடு கட்டியிருக்கிறார்கள். மீன்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். தன் பாட்டன் பூட்டனும் தானும் விற்றுக்கொண்டிருக்கிற சரக்குத்தான் தன் வீட்டுச் சுவரும் என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

அன்று திரும்பி வரும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கதைக்கக்கூடாது என்ற வைராக்கியம் அங்கேயே இளகிவிட்டது. அப்படி ஒரு சந்தோசத்தை வளர்ந்த ஆட்களின் முகத்தில் நான் கண்டதில்லை.

அவருடைய பொட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஊர் வாயில் அதுதான் அதிகம் அடிபட்டது. போரின் கடைசி நாட்களில் அக்காவின் கணவர் காணாமல் போனார். ஒரு சனக்கூட்டத்துக்குள் அக்காவின் கையை விட்டவர், பிறகு இல்லை. இங்கே படிவம் நிரப்புகிற இடத்தில் விதவை என்று எழுதினால் அலுவல் சுகமாக முடியும் என்று எல்லாரும் சொல்லிக்கொடுத்தார்கள். கந்தோரில் இருந்த பெண்ணும் பரிதாபப்பட்டு அதையே சொன்னாளாம். அக்கா எழுதவில்லை. கணவர் இருக்கிறாரா என்று கேட்டதற்கும் ஓம் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் தெரியாது என்றுதான் சொன்னார். அந்தக் கட்டம் வெறுமையாகவே போனது, அலுவலும் இழுபட்டது. பொட்டை அழிக்கவும் இல்லை, அவர் வருவார் என்று விளக்கு வைத்து நேர்த்தியும் வைக்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்ன மனிசி இது, ஒரு பக்கம் சாய்ந்து அழுதாவது தீர்க்கக்கூடாதா என்று. இரவில் படுத்திருக்கையில்தான், ஒரு பக்கமும் சாயாமல் அத்தனை வருடம் நிற்பது எவ்வளவு பாரம் என்று விளங்கியது.

இனி, நான் அவரோடு முகம் கொடுக்காமல் இருந்த காரணம்.

நானும் அக்காவும் ஒருகாலத்தில் ஒரே வீட்டில் வேலை செய்தோம். கால்சாவில் ஒரு பழைய மாளிகையின் இரண்டாம் மாடி. எண்பது தாண்டிய சின்யோரா, வீட்டுக்கார அம்மா. அக்கா அங்கேயே தங்கி அவரைப் பார்த்துக்கொண்டார். நான் கிழமைக்கு மூன்று காலை போய்த் தரையும் படியும் துடைப்பேன். வரவேற்பறையில் வட்டமாக ஒரு வெண்பளிங்கு மேசை. சின்யோராவின் தாயாருடைய சீதனம். ஒரு நாள் அவருடைய மகன் வந்து பார்த்தபோது அந்த மேசையில் மூன்று வட்டங்கள் மங்கிக் கிடந்தன. அழுக்கு இல்லை, தேய்த்தும் போகவில்லை, பளபளப்பே செத்துப்போயிருந்தது. அமிலம் பட்டு எரிந்தது என்றார் மகன். என் வாளியைக் கிண்டினார்கள். சந்தையில் நான் மலிவாக வாங்கிய பச்சை நிறத் துடைப்பு மருந்து அகப்பட்டது, போத்தலில் பேர்கூட இல்லை. வேறென்ன வேண்டும்?

நான் அக்காவைப் பார்த்தேன். இவள் இல்லை, இவள் அப்படிச் செய்ய மாட்டாள் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் மகன் யோசித்திருப்பார். அக்காவில் அந்த வீட்டுக்கு அவ்வளவு நம்பிக்கை. மகன் நேராகவே கேட்டார். அக்கா சொன்னார், "எனக்குத் தெரியாது. அவ செய்ததையும் நான் காணேல்லை, செய்யாததையும் காணேல்லை."

அன்றே எனக்கு வேலை போனது. அதோடு விட்டாலும் பரவாயில்லை. பளிங்கை எரிப்பவள் என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர் பரவிவிட்டது. இருந்த இன்னும் இரண்டு வீடும் கைவிட்டன. கோடையில் மொண்டெல்லோக் கடற்கரை உணவகத்தில் கோப்பை கழுவினேன், மாரியில் சும்மா இருந்தேன். அதைவிட மோசம், நானும் அதை நம்பினேன். இரண்டு வருடமாக எந்தப் பளிங்குப் படியைக் கண்டாலும் கால் கூசும். ஆனாலும் கோபம் முழுவதும் அக்கா மேல்தான் இருந்தது. நமக்காக ஒரு பொய் சொல்லாதவர் என்ன உறவு?

அமிலப் பாடம் வந்தது மார்கழியில். ஆசிரியர் ஒரு சின்னப் போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கற்களின் மேல் விட்டார். சில கல் சும்மா இருந்தது. சிப்பி மஞ்சள் கல்லும் பளிங்கும் நுரைத்துப் பொங்கின. இரண்டும் ஒரே பொருளால் ஆனவை, புளிப்பான எது பட்டாலும் கரையும், எங்கள் தேசிப்புளி, அந்த எலுமிச்சம் சாறுகூடப் போதும் என்றார். பிறகு பளிங்கைத் துடைத்துச் சாய்த்துக் காட்டினார். சொட்டு விழுந்த இடம் மங்கியிருந்தது.

பக்கத்தில் அக்கா எழுதுவதை நிறுத்திவிட்டார். பேனை கையிலேயே இருந்தது. பாடம் முடிந்து எல்லாரும் எழும்பிய பிறகும் அந்தப் பளிங்குத் துண்டை எடுத்து அந்த மங்கலைப் பெருவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். என்னக்கா என்று கேட்டேன். கல்லை மேசையில் வைத்துவிட்டு வெளிக்கிட்டார்.

அடுத்த வகுப்புக்கு ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்தார். இடிந்த வீடொன்றின் முற்றத்தில் பொறுக்கிய பளிங்கு யன்னல் படித் துண்டு. ஒரு தேசிக்காய். கரைத்த பழப்புளி. நாலாவதாக ஒரு போத்தல் எடுத்தார். பேரில்லாத போத்தல், உள்ளே பச்சை மருந்து. மகன் அன்று பறித்துப் படிக்குக் கீழிருந்த அலுமாரியில் எறிந்தது அங்கேயே கிடந்ததாம்.

பென்சிலால் கல்லில் மூன்று வட்டம் போட்டார். ஒவ்வொன்றிலும் ஒன்றை விட்டார். ஆசிரியர் அன்றைக்கு மலைகளைப் பற்றி என்னவோ சொன்னார், எனக்கு ஒரு மலையும் ஏறவில்லை. அரை மணி கழித்து அக்கா ஈரத்துணியால் துடைத்தார், காய்ந்த துணியால் துடைத்தார், யன்னலுக்குக் கொண்டுபோனார். தேசிப்புளி விட்ட வட்டம் மங்கிப்போயிருந்தது. பழப்புளி விட்டதும் அப்படித்தான். என் பச்சை மருந்து விட்ட இடத்தில் யன்னல் கம்பி நிழல் தெளிவாகத் தெரிந்தது. அது வெறும் சவர்க்காரத் தண்ணி.

அக்கா கதிரையில் இருந்துகொண்டு எனக்குச் சொன்னார். அந்த வருடம் சரஸ்வதி பூசைக்குத் தன் பித்தளை விளக்கை மினுக்கினாராம். சின்யோராவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. அதனால் அறையில் வைத்துச் செய்யாமல் அவருடைய கதிரைக்குப் பக்கத்தில், அந்த வட்ட மேசையில் பேப்பர் விரித்து, விளக்கைப் பிரித்து அடி, தண்டு, தலை என்று வைத்துத் தேசிக்காயும் புளியும் போட்டுத் தேய்த்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் செய்கிறதுதான். பித்தளை என்றால் புளி, அது பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். அதே புளி கல்லைத் தின்னும் என்று எந்த வீட்டில் சொல்லித் தந்தார்கள்? பேப்பர் ஊறிச் சாறு கீழே இறங்கியிருக்கிறது. ஈரத்தில் பளிங்கு மினுங்கத்தான் செய்யும். துடைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

"மூண்டு வட்டம்" என்றார். "ஒண்டு பெரிசு, ரெண்டு சின்னன். விளக்கின்ரை அளவு. நேற்று வைச்சுப் பாத்தனான், பொருந்துது. அது நான்தான் தங்கச்சி. நீங்கள் இல்லை."

இரண்டு வருடம் சுமந்த கல்லை நெஞ்சிலிருந்து யாரோ எடுத்த மாதிரி இருந்தது. மறுகணமே பயம் பிடித்தது, ஏனென்றால் அக்கா அடுத்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மகனிடம் போய்ச் சொல்லப்போகிறார். அவருடைய பெர்மெஸ்ஸோ தை மாதத்தோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கச் சின்யோரா வீட்டுக் கொந்தராத்தோ, அந்த வேலை ஒப்பந்தம், ஒன்றுதான் ஆதாரம். அது போனால் புதுப்பிப்பது குதிரைக் கொம்பு. போகப் போக்கிடமும் இல்லை, படுப்பதே அந்த வீட்டில்தான்.

சொல்லாதேங்கோ அக்கா, பெர்மெஸ்ஸோ கைக்கு வந்த பிறகு சொல்லுங்கோ என்றேன். நான் எப்படியோ பிழைத்துக்கொண்டேன், இனி என்ன என்றேன். மூன்று தரம் சொன்னேன். உண்மையைச் சொன்னால், நாலாம் தரம் சொல்லவில்லை. என் பேர் வெளிக்கட்டும் என்று மனசின் ஒரு மூலையில் ஒருத்தி இருந்துகொண்டு என் வாயைப் பொத்தினாள். அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"அண்டைக்குத் தெரியாது எண்டு சொன்னன். அது உண்மை" என்றார் அக்கா. "இப்ப தெரியும். தெரிஞ்சுகொண்டு அந்த வீட்டிலை ஒரு நாள் இருந்தாலும் பொய்தானே."

நானும் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். நீங்கள் வந்தால் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த மாதிரி இருக்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்ததும் சொன்னார். பளிங்குத் துண்டையும் காட்டினார். மகன் கத்தவில்லையாம், முழுவதையும் கேட்டாராம். கேட்டுவிட்டு, இரண்டு வருடம் ஏன் மறைத்தாய் என்றாராம். மறைக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் இப்போதுதான் தெரிந்தது என்று அக்கா சொன்னதை அவர் நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்? மூன்று நாள் கழித்து, இவ்வளவு காலம் மறைத்த ஒருத்தியோடு என் அம்மாவைத் தனியே விட முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாழ்நாளில் தெரியாததைத் தெரியும் என்றோ தெரிந்ததைத் தெரியாது என்றோ ஒரு நாளும் சொல்லாத மனிசியை, பொய்க்காரி என்று சொல்லி.

ஆசிரியர் சாட்சிக்கு வருகிறேன் என்றார், கடிதமும் எழுதிக் கொடுத்தார். ஒன்றும் எடுபடவில்லை. அக்கா நாலு நாள் எங்கள் வீட்டில் நின்றார். வடக்கே ஒரு சின்ன ஊரில் படுக்கையில் கிடக்கும் ஒருவரைப் பார்க்க ஆள் தேவை என்று யாரோ சொல்ல, இரவு ரயிலில் போனார். கொந்தராத்தோ தருவார்களா என்று கேட்டேன். தெரியாது என்றார். ஸ்டேசனில் அவருடைய பை பாரமாக இருந்தது. உள்ளே என்னக்கா, கல்லா என்றேன், பகிடிக்கு. ஓம் என்றார்.

பத்து நாள் கழித்து மகன் எனக்கு டெலிபோன் எடுத்தார். தவறாக நினைத்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்றார். வீட்டு வேலையோடு பகலில் அம்மாவையும் பார்த்துக்கொள்ள வருவீர்களா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என்னத்தை யோசிக்கிறது. மாரி முழுவதும் சும்மா இருந்தவளுக்கு நிரந்தர வேலை வருகிறது. அக்கா எழும்பிய கதிரையில், சூடு ஆறுவதற்கு முன் போய் இருந்தேன். மகனுக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, தானாகவே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாரே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

சின்யோராவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருந்தது. காலையில் யன்னல் திறக்கும்போதே, அவள் எங்கே என்று கேட்பார். சந்தைக்குப் போயிருக்கிறாள், இப்போது வருவாள் என்பேன். அரை மணியில் மறுபடி கேட்பார், மறுபடி சந்தைக்கு அனுப்புவேன். எனக்கு அது பொய்யாகவே படவில்லை, வேலையின் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு இதைச் சொல்லும் தைரியம் வரவில்லை. முதலில் இரண்டு மூன்று தரம் எடுத்தேன். வேலையில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்றார். எடுக்கவில்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருப்பார், கோபம் என்று முடிவுகட்டிக்கொண்டு நானும் விட்டுவிட்டேன். ஆனியில் பரீட்சை வந்தது. பூமி அறிவியலில் நான் பாஸ். பட்டியலில் அக்காவின் பேருக்கு எதிரே கோடு போட்டிருந்தது. கை கொடுக்கும்போது ஆசிரியர் அவரைப் பற்றித்தான் விசாரித்தார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம், சின்யோராவுக்குச் சூப் ஊட்டிவிட்டுக் கோப்பை கழுவுகையில் டெலிபோன் அடித்தது. அக்கா.

"பெர்மெஸ்ஸோ தந்திட்டினம்" என்றார். "காலமை போய்க் கையிலை வாங்கினனான். அதைப் பாத்தபிறகு உங்களோடை கதைப்பம் எண்டு இருந்தனான். வரும் எண்டும் வராது எண்டும் சொல்லத் தெரியேல்லை, அதுதான் எடுக்கேல்லை."

பத்து மாத மௌனத்துக்கு அவ்வளவுதான் காரணம். நான் ஈரக் கையோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். இனியும் ஒளிக்க ஏலாது என்று தோன்றியது. ஒரே மூச்சில் சொன்னேன்.

"அக்கா, நான் சின்யோரா வீட்டிலைதான் நிக்கிறன். உங்கடை வேலைதான் செய்யிறன். நீங்கள் போய்ப் பத்து நாளிலை மகன் கூப்பிட்டவர்."



"அப்ப கூப்பிட்டிருக்கிறார்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, சோதித்துப் பார்த்தது சரி வந்த திருப்திதான் இருந்தது. "நான் வெளிக்கிடேக்கை கேட்டனான். என்னை அனுப்புறது உங்கடை விருப்பம், ஆனால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கோ, வேலையையும் குடுங்கோ எண்டு. அவர் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை."

"ஏனக்கா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? நாலு நாள் எங்கடை வீட்டிலைதானே நிண்டனீங்கள்."

"அவர் கூப்பிடுவாரோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், அடுத்த அறையில் சின்யோரா கண்ணயர்ந்திருந்தார். அக்கா அழாதே என்று சொல்லவில்லை, நான் முடிக்கும் மட்டும் காத்திருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"சின்யோரா என்னைத் தேடுறாவோ? இல்லாட்டி மறந்திட்டாவோ?"

மறந்துவிட்டா என்று சொல்லியிருந்தால் அவருக்கு அந்த இரவு சுகமாகப் போயிருக்கும். பொய் என் நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. சந்தைக்கு ஆள் அனுப்பிப் பழகிய நாக்கு.

"தேடுறா அக்கா" என்றேன். "ஒவ்வொரு நாளும்."